எல்ஜிபிடிஐ ஆய்வுக்கு ஃபண்டிங் எப்படி தேடுறது, கிடைச்சா எப்படி பத்திரமா வாங்குறது

வளரும் நாடுகள்ல எல்ஜிபிடிஐ மக்களைப் (தன்பால், இருபால் ஈர்ப்புள்ளவங்க, திருநர், பிறப்பிலேயே ஆண், பெண் வரையறைக்குள்ள அடங்காத உடலமைப்புள்ள ஊடுபால் மக்கள்) பத்தி ஒரு ஆய்வு பண்ணணும், ஐடியா இருக்கு, ஆள் இருக்கு, காசு மட்டும் இல்லன்னு என்கிட்ட வர்றவங்கள்ல முக்காவாசி பேர் முதல்ல பண்ற காரியம் ஒண்ணுதான். "எல்ஜிபிடிஐ ரிசர்ச் கிராண்ட்"னு தேடிப் பார்த்துட்டு ஒண்ணுமே வரலியேன்னு சோர்ந்து போயிடுறாங்க. உண்மையிலேயே அந்தப் பேர்ல பெருசா எதுவும் கிடையாது. பணம் இருக்கு, ஆனா எச்ஐவி, ஜெண்டர், மனித உரிமை, சட்டம், பொருளாதாரம்னு வேற வேற உண்டியல்ல கிடக்கு. எந்த உண்டியலைத் தட்டணும்னு தெரிஞ்சுக்கிறது பாதி வேலை. தட்டி வாங்கின பணம் உங்க ஆட்களுக்கு ஆபத்து வராம எந்த வழியா வந்து சேரும்னு பார்க்கிறது மீதிப் பாதி, அதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால இந்த கைட்ல அதுக்கே அதிகமா இடம் கொடுத்திருக்கேன்.

மொத்தத்துல எவ்வளவு பணம் புழங்குதுன்னு ஒரு அளவு மனசுல இருக்கட்டும். குளோபல் ஃபிலாந்த்ரபி ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு இந்தத் துறைக்கு யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு ரெண்டு ரெண்டு வருஷக் கணக்கா ரிப்போர்ட் போடுறாங்க. 2021, 2022 ரெண்டு வருஷத்துக்கும் உலகம் முழுக்க சேர்த்து அவங்க எடுத்த கணக்கு 90.5 கோடி டாலர். கேட்க பெருசா இருக்கு, ஆனா அதுல பெரிய பங்கு அமெரிக்கா மாதிரி பணக்கார நாடுகளுக்குள்ளேயே சுத்துது, வெளிய வர்றதுல சேவை, வழக்கு, அமைப்பை நடத்துற செலவு எல்லாம் போகத்தான் ஆய்வுக்கு. அந்த ரிப்போர்ட்டை முழுசா படிங்க, பின்னாடி இருக்கிற டோனர் பட்டியல்தான் உங்களுக்கு முதல் மேப். எந்த டோனர் எந்தப் பகுதிக்கு, எந்த மாதிரி வேலைக்கு கொடுக்குறாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

பழைய லிஸ்ட்டை நம்பாதீங்க

யாரோ எப்பவோ போட்ட "டாப் 20 டோனர்கள்" லிஸ்ட்டை வச்சுக்கிட்டு ஒரு மாசம் உழைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 2025 ஜனவரி 20ஆம் தேதி அமெரிக்க அதிபர் போட்ட உத்தரவுல வெளிநாட்டு உதவி கிட்டத்தட்ட மொத்தமா நின்னுச்சு, ஜூலை 1ஆம் தேதியோட அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் செயல்பாடே முடிஞ்சு மிச்சம் இருந்தது வெளியுறவுத் துறைக்குப் போயிடுச்சு, அமெரிக்க அரசோட மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சும் எல்ஜிபிடி சம்பந்தப்பட்ட கிராண்ட்களை நூற்றுக்கணக்குல பாதியிலேயே நிறுத்திட்டாங்க. ஃபீல்டுல ஆள் இறங்கி பாதி பேட்டி எடுத்து முடிச்ச நிலைமையில லெட்டர் வந்த டீம்கள் உண்டு. அதனால எந்த லிஸ்ட் கையில கிடைச்சாலும் முதல்ல தேதியைப் பாருங்க, அப்புறம் டோனரோட சொந்தப் பக்கத்துல கடைசியா எப்ப கிராண்ட் கொடுத்திருக்காங்கன்னு பாருங்க. ரெண்டு வருஷமா புதுசா ஒண்ணும் இல்லன்னா அந்தப் பேரை அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க.

உங்க கேள்வி எந்த உண்டியலுக்குப் பொருந்தும்

இங்கதான் கொஞ்சம் யோசிக்கணும். ஒரே ஆய்வை நாலு விதமா சொல்லலாம், நாலுமே பொய் இல்ல, எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுறீங்கங்கிறதுதான் விஷயம்.

எச்ஐவி உண்டியல்தான் இன்னிக்கும் பெருசு. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்க 2002ல தொடங்கின குளோபல் ஃபண்ட் மூலமா பல நாடுகளுக்கு பணம் போகுது, அதுல ஆண்களோட உறவு வச்சுக்கிற ஆண்கள், திருநங்கைகள் எவ்வளவு பேர், எங்க இருக்காங்க, சிகிச்சைக்கு வர விடாம எது தடுக்குதுன்னு கண்டுபிடிக்க ஆய்வு தேவைப்படுது. அது நேரா உங்க கைக்கு வராது, அந்த நாட்டுல குளோபல் ஃபண்ட் திட்டத்தை முடிவு பண்ற ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கும், அதுல சமூகப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு, அவங்களைப் பிடிச்சுப் பேசணும். ஆனா இந்த உண்டியலுக்கு ஒரு பெரிய குறை இருக்கு. நோய்க் கணக்குக்குள்ள வராதவங்க இந்தப் பணத்துக்கும் கண்ணுல படுறதில்ல. தன்பால் ஈர்ப்புள்ள பெண்கள், திருநம்பிகள், ஊடுபால் மக்கள் பத்தி இத்தனை வருஷமா ஆய்வு குறைவா இருக்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்னு நான் நினைக்கிறேன், பணம் எங்க இருந்ததோ அங்கதான் கேள்வியும் போச்சு.

பொருளாதார உண்டியல் இதுக்கு நேர் எதிர், சின்னது, ஆனா சத்தம் ஜாஸ்தி. லீ பாட்ஜெட்னு ஒரு பொருளாதார நிபுணர் 2014ல உலக வங்கிக்காக இந்தியாவை எடுத்துக்கிட்டு, ஒதுக்கி வைக்கிறதால நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டாங்க, மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.1 சதவீதத்துல இருந்து 1.7 சதவீதம் வரைக்கும்னு வந்துச்சு. அந்த ரேஞ்ச் எவ்வளவு அகலம்னு பாருங்க, 17 மடங்கு. டேட்டா இல்லாததாலதான் அவ்வளவு அகலம், அதையே நீங்க உங்க ப்ரொபோசல்ல காரணமா வைக்கலாம், "இந்த இடைவெளியை இந்த நாட்டுல நாங்க சுருக்கித் தர்றோம்"னு. மனித உரிமைன்னு சொன்னா காது கொடுக்காத நிதி அமைச்சக ஆட்கள் கூட இந்த மாதிரி எண்ணைக் கேட்பாங்க.

மக்கள்தொகைக் கணக்கு இன்னொரு வாசல். இந்தியாவோட 2011 சென்சஸ்ல ஆண், பெண் தவிர "மற்றவை"ன்னு பதிவானவங்க 4,87,803 பேர், அதுல 54,854 பேர் ஆறு வயசும் அதுக்குக் கீழயும் உள்ள குழந்தைங்க. பங்களாதேஷ் 2022 சென்சஸ்ல ஹிஜ்ரான்னு பதிவானவங்க 12,629 பேர்தான். இந்த எண்களை அப்படியே நம்பினா பக்கத்துப் பக்கத்து நாடுகள்ல ஏன் இவ்வளவு வித்தியாசம்? கேள்வியை யார் கேட்டாங்க, வீட்டுல யார் முன்னாடி கேட்டாங்க, பதில் சொன்னது யாரு? இது தனி ஆய்வு. புள்ளியியல் துறைகளோட வேலை செய்யிற ஐநா அமைப்புகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இந்தக் கேள்வி புரியும், அரசியலா தோணாததால அனுமதி கிடைக்கிறதும் கொஞ்சம் சுலபம்.

பொதுமக்கள் மனநிலை சர்வேக்கும் பணம் உண்டு. தென்னாப்பிரிக்காவுல தி அதர் ஃபவுண்டேஷன்ங்கிற சமூக ஃபண்ட் 2016ல அங்க இருக்கிற அரசு ஆய்வு நிறுவனத்தோட சேர்ந்து நாடு தழுவிய சர்வே ஒண்ணை வெளியிட்டாங்க. சமூக ஃபண்ட் பணமும் அரசு ஆய்வு நிறுவனத்தோட சர்வே மெஷினும் சேர்ந்தா என்ன வரும்னு பார்க்க நல்ல மாதிரி அது. தனியா சர்வே நடத்த உங்களால முடியாதுன்னா ஏற்கனவே நடக்கிற சர்வேயில ரெண்டு கேள்வி சேர்க்கக் காசு கேளுங்க, செலவு பத்துல ஒண்ணு கூட ஆகாது.

யார்கிட்ட போறது

சமூகமே நடத்துற ஃபண்டுகள்ல இருந்து ஆரம்பிங்க. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நைரோபியில இருக்கிற உஹாய், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இஸ்டாவ், ஆப்பிரிக்காவோட தெற்குப் பகுதிக்கு, முன்னாடி சொன்ன தி அதர் ஃபவுண்டேஷன், உலகளவுல 1977ல நியூயார்க்ல தொடங்கின ஆஸ்ட்ரேயா, 1983ல ஆம்ஸ்டர்டாம்ல தொடங்கின மாமா கேஷ், திருநர் அமைப்புகளுக்குன்னே இன்டர்நேஷனல் ட்ரான்ஸ் ஃபண்ட், ஊடுபால் அமைப்புகளுக்குன்னு ஆஸ்ட்ரேயாவுக்குள்ள 2015ல வந்த இன்டர்செக்ஸ் ஹியூமன் ரைட்ஸ் ஃபண்ட். இவங்க பெரும்பாலும் அமைப்புகளுக்குத்தான் கொடுப்பாங்க, தனி ஆய்வாளருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்க மாட்டாங்க, அதனால நீங்க அகாடமிக்னா விண்ணப்பத்தை அமைப்பு போடணும், நீங்க அதுல ஒரு வேலையாள். ஈகோ இடிக்கும், பரவாயில்ல. உஹாய் மாதிரி இடங்கள்ல யாருக்குப் பணம்னு முடிவு பண்றதுல ஆக்டிவிஸ்ட்களே உட்காருவாங்க, அங்க போய் தியரி பேரு நாலு அடுக்கினா வேலைக்கு ஆகாது, "இது முடிஞ்சா எங்க கையில என்ன இருக்கும்"ங்கிற கேள்விக்கு நேரா பதில் வேணும்.

அகாடமிக் பக்கம், பிஎச்டி பண்றவங்க மானுடவியல் சார்ந்த கேள்வின்னா வென்னர்-க்ரென் ஃபவுண்டேஷனோட களப்பணி கிராண்ட்டைப் பாருங்க, எந்த நாட்டுக்காரரும் போடலாம், உச்சவரம்பு 25,000 டாலர். கனடாவோட ஐடிஆர்சி 1970ல இருந்தே வளரும் நாட்டு ஆய்வு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கிறதுக்காகவே இருக்கு, ஆனா அவங்க அறிவிக்கிற தலைப்புக்குள்ள உங்க கேள்வி உட்காரணும். உடல்நலம்னா வெல்கம் டிரஸ்ட். ஃபோர்டு, ஆர்கஸ் மாதிரி பெரிய ஃபவுண்டேஷன்கள்கிட்ட திடீர்னு போய் நிக்கிறது பெரும்பாலும் வீண், அவங்களுக்குத் தெரிஞ்ச யாராவது உங்களை அறிமுகம் பண்ணணும்.

அரசாங்கங்கள்ல நெதர்லாந்து ரொம்ப காலமா முன்னணியில இருந்த நாடு. கனடா 2019ல இதுக்குன்னே 5 வருஷத்துக்கு 3 கோடி கனடா டாலர் அறிவிச்சாங்க. ஆனா சின்ன அமைப்புக்கு உண்மையில எட்டுறது தூதரகங்கள்ல இருக்கிற சின்ன ஃபண்டுகள்தான், கனடா, ஆஸ்திரேலியா தூதரகங்கள்ல அந்த மாதிரி இருக்கு. எந்தத் தூதரகத்தைத் தட்டலாம்னு கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி சொல்றேன். எல்ஜிபிடிஐ உரிமைக்காக அரசாங்கங்கள் சேர்ந்து 2016ல உருகுவேயில தொடங்கின ஈக்வல் ரைட்ஸ் கொயலிஷன்ல உறுப்பினரா இருக்கிற நாடுகளோட பட்டியலை எடுங்க, அதுல எதெல்லாம் நீங்க வேலை செய்யிற ஊர்ல தூதரகம் வச்சிருக்குன்னு டிக் பண்ணுங்க, அங்க மனித உரிமை விஷயத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு ஒரு பக்க மெயில் போடுங்க. பாதி பேர் பதில் போட மாட்டாங்க. பதில் போடுறவங்க டீ குடிக்கக் கூப்பிடுவாங்க, அந்தப் பேச்சுதான் முக்கியம்.

விண்ணப்பிக்கவே காசு கேக்குற "ஃபண்டர்" யாரா இருந்தாலும் ஃப்ராடு. ஐரோப்பிய யூனியன் போர்ட்டல் பதிவு, அமெரிக்க அரசு கிராண்ட்டுக்கான பதிவு, ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்க்கிட் எல்லாமே ஃப்ரீ. "பதிவு பண்ணித் தர்றோம்"னு மெயில் அனுப்பி நூத்துக்கணக்குல டாலர் கறக்கிற கம்பெனிகள் இருக்கு, ஏமாறாதீங்க.

பணம் வர்ற வழி

இதைப் படிக்காம கீழ போகாதீங்க.

உகாண்டாவுல 2023ல வந்த தன்பால் உறவுக்கு எதிரான சட்டத்துல "ஊக்குவிக்கிறது"ன்னு ஒரு குற்றம் இருக்கு, பணம் கொடுக்கிறதும் அதுக்குள்ள வரும், 20 வருஷம் வரை சிறை. அதுக்காக அந்த வருஷம் ஆகஸ்ட்ல உலக வங்கியே உகாண்டாவுக்குப் புதுக் கடனை நிறுத்தி வச்சுது. அந்த மாதிரி ஒரு நாட்டுல "எல்ஜிபிடிஐ ஆய்வு முதல் தவணை"ன்னு விவரம் எழுதி ஒரு வங்கிப் பரிமாற்றம் வந்தா அது யார் கண்ணுல படும்னு யோசிச்சுப் பாருங்க. சில நாடுகள்ல தன்பால் உறவு குற்றம் இல்ல, ஆனா வெளிநாட்டுப் பணம்தான் பிரச்சனை. இந்தியாவுல வயசு வந்தவங்க சம்மதத்தோட வச்சுக்கிற தன்பால் உறவு 377ஆவது சட்டப்பிரிவுப்படி குற்றம்ங்கிறது 2018லயே போயிடுச்சு, ஆனா வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ கீழ பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாது, 2020 திருத்தத்துக்கு அப்புறம் வாங்கின அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பிரிச்சுக் கொடுக்கவும் முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பணம் வந்து இறங்குறதும் டெல்லியில ஒரே வங்கிக் கிளையில. "பெரிய என்ஜிஓ வாங்கி நாலு சின்ன அமைப்புக்குக் கொடுக்கும்"னு ப்ரொபோசல் எழுதினா அது அங்கேயே செத்துடும். எத்தியோப்பியாவுல 2009ல உரிமை வேலை பண்ற அமைப்புகளுக்கு வெளிநாட்டுப் பணம் 10 சதவீதம்தான்னு சட்டம் போட்டு, 2019லதான் மாத்தினாங்க. கிர்கிஸ்தான்ல 2024ல, ஜார்ஜியாவுல 2024லயும் 2025லயும் புதுக் கட்டுப்பாடுகள். சட்டம் மாறிக்கிட்டே இருக்கு, நான் எழுதினதையும் நம்பாம அந்த நாட்டு வக்கீல் ஒருத்தர்கிட்ட எழுத்துல ஒரு கருத்து வாங்கிடுங்க, அந்தச் செலவை முதல் கிராண்ட் வர்றதுக்கு முன்னாடியே கைக்காசுல போட்டாலும் தப்பில்ல.

நடைமுறையில என்னென்ன பேசி வைக்கணும்னா: பணம் யார் பேர்ல வரும், சொந்தப் பதிவு இல்லன்னா நம்பகமான வேற ஒரு அமைப்பு உங்களுக்காக வாங்கிக் கணக்கு காட்டுமா, அதுக்கு அவங்க எத்தனை சதவீதம் எடுப்பாங்க, அந்த நாட்டுச் சட்டம் அதை விடுதா. ப்ராஜெக்ட்டுக்குப் பொதுவெளியில என்ன பேரு. கவனிங்க, பொய்ப் பேரு வைக்கச் சொல்லல, அதிகாரிகிட்ட ஒண்ணு டோனர்கிட்ட ஒண்ணுன்னு சொன்னா மோசடின்னே வழக்குப் போடுவாங்க. "உடல்நல சேவை கிடைப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வு"ன்னு உண்மையும் பொதுவுமான ஒரு தலைப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். அப்புறம் டோனர்கள் பலர் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம்னு பொதுவுல போடுவாங்க, வெளிப்படைத்தன்மைக்காக, நல்ல விஷயம்தான், ஆனா உங்க அமைப்போட பேரும் முகவரியும் அங்க வந்தா யாரும் தேடி வர்றதுக்கு வழிகாட்டின மாதிரி ஆயிடும். பாதுகாப்புக் காரணம்னு சொன்னா மறைக்க அவங்ககிட்ட விதி இருக்கு. ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடியே கேக்கணும், பப்ளிஷ் ஆன பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

கான்செப்ட் நோட்

முழு ப்ரொபோசலுக்கு முன்னாடி டோனருக்கு அனுப்புற சுருக்கம் இது, ரெண்டு பக்கம் போதும். நான் எழுதின முதல் நோட்ல முதல் ஒன்றரைப் பக்கம் முழுக்க மக்கள் படுற கஷ்டம்தான், மனசு உருகுற மாதிரி எழுதிட்டேன்னு நானே நினைச்சுக்கிட்டேன். ரிஜெக்ட் பண்ணிட்டு அந்த ப்ரோக்ராம் ஆபீசர் போன்ல சொன்னாங்க, "கஷ்டம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும், அதுக்காகத்தான் இந்த ஃபண்டே இருக்கு, எங்களுக்குத் தெரியாதது எதை நீங்க கண்டுபிடிக்கப் போறீங்க?"ன்னு. கோவம் வந்துச்சு, அப்புறம் ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா அவங்க சொன்னது சரி. இப்ப நான் யார் நோட்டைப் பார்த்தாலும் முதல் பத்திக்குள்ள கேள்விக்குறி இருக்கான்னு பார்ப்பேன். "திருநம்பிகளின் நிலை"ங்கிறது கேள்வி இல்ல. "அடையாள அட்டையில பேர் மாத்தின திருநம்பிகளுக்கு ரெண்டு வருஷத்துல வேலை, வாடகை வீடு கிடைக்கிறது மாறுதா"ங்கிறது கேள்வி.

அடுத்து எப்படி ஆட்களைக் கண்டுபிடிப்பீங்கன்னு கேப்பாங்க, இதுல பலர் விழுந்துடுவாங்க. மறைஞ்சு வாழுற மக்களுக்கு வாக்காளர் பட்டியல் மாதிரி ஒரு லிஸ்ட் கிடையாது, சும்மா ராண்டம் சாம்பிள்னு எழுதினா ரிவ்யூ பண்றவர் சிரிப்பார். 1997ல டக்ளஸ் ஹெக்கத்தார்ன் கொண்டு வந்த முறைதான் இதுல அதிகம் புழங்குது, வந்த ஆளே தனக்குத் தெரிஞ்ச ஒரு சிலரைக் கூப்பன் கொடுத்து அனுப்புவார், யார் யாரை அனுப்பினா, ஒவ்வொருத்தருக்கும் எத்தனை பேரைத் தெரியும்ங்கிறதை வச்சு கணக்கைச் சரி பண்ணுவாங்க. நல்ல முறை. ஆனா அந்தக் கூப்பன் ஒருத்தர் பாக்கெட்ல இருந்து அவங்க அண்ணன் கைல கிடைச்சா என்ன ஆகும்? கூப்பன்ல என்ன அச்சடிக்கணும், அதுல இருக்கிற போன் நம்பரை யாராவது கூப்பிட்டா என்ன சொல்லி எடுக்கணும், இதெல்லாம் நோட்ல ரெண்டு வரி இருந்தா போதும், இவங்க களத்துல நடந்தவங்கன்னு புரிஞ்சிடும்.

பட்ஜெட்

பட்ஜெட்தான் உண்மையான ப்ரொபோசல், மத்ததெல்லாம் முன்னுரை, இது என் கருத்து. படிக்கத் தெரிஞ்ச டோனர் முதல்ல எக்செல்லைத்தான் திறப்பார்.

பேட்டி கொடுக்க வர்றவங்களுக்குப் போக்குவரத்தும் நேரத்துக்கான தொகையும். சமூகத்துல இருந்து வேலைக்கு எடுக்கிற ஆய்வாளர்களுக்கு முழுச் சம்பளம், "தன்னார்வலர்"னு போட்டு ஓசியில வேலை வாங்காதீங்க, அவங்க இல்லாம உங்களுக்கு ஒரு பேட்டி கூட கிடைக்காது. பேட்டியில பழைய ரணத்தைக் கிளறினா பேச ஒரு கவுன்சிலர், அது பேட்டி கொடுத்தவருக்கு மட்டும் இல்ல, நாள் முழுக்க வன்முறைக் கதையைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போற உங்க ஆளுக்கும் சேர்த்து. மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குறது (இதுல எப்பவும் குறைச்சுப் போட்டுடுறோம், ஒரு மணி நேர ஆடியோவுக்கு ஒருத்தர் உட்கார்ந்து முழு நாள் போயிடும்). என்கிரிப்ட் பண்ணின லேப்டாப், தனி போன்கள். யாரையாவது போலீஸ் பிடிச்சா வக்கீல் செலவு, அவசரமா ஊரை விட்டு நகர்த்தணும்னா அதுக்கு ஒரு தொகை, இதைப் "பாதுகாப்பு"ன்னு தனித் தலைப்புல வெளிப்படையா போடுங்க, ஒளிச்சு வைக்காதீங்க, இந்தத் துறையைத் தெரிஞ்ச டோனர் அது இல்லன்னாதான் கவலைப்படுவார். எதிக்ஸ் கமிட்டி கட்டணம். நாணய மதிப்பு விழுந்தா வர்ற நஷ்டம், வங்கிக் கழிவு. கடைசியா முடிவுகளைச் சமூகத்துக்கிட்ட திரும்பக் கொண்டு போற கூட்டங்கள், அவங்க மொழியில சின்னப் புத்தகம்.

ஓவர்ஹெட், அதாவது அமைப்பை நடத்துற பொதுச் செலவு பத்தி ஒரு வார்த்தை. சின்ன அமைப்புகள் "கொஞ்சமா கேட்டா கிடைக்கும்"னு ஓவர்ஹெட்டை சைபர்னு போடுவாங்க, அப்புறம் வாடகையும் கரண்ட் பில்லும் யார் கட்டுறது? ஐரோப்பிய யூனியனோட ஹொரைசன்ங்கிற ஆய்வு நிதித் திட்டத்துல நேரடிச் செலவுக்கு மேல 25 சதவீதம் ஃபிளாட்டா கிடைக்கும், அமெரிக்க என்ஐஎச் வெளிநாட்டு நிறுவனத்துக்கு 8 சதவீதம்தான் கொடுத்துட்டு இருந்துச்சு. ஒவ்வொருத்தர் விதியும் வேற, விதியில எவ்வளவு அனுமதியோ அதை முழுசா கேளுங்க.

எதிக்ஸ்ல வர்ற சிக்கல்

ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற எதிக்ஸ் கமிட்டிகள் பழக்கதோஷத்துல "கையெழுத்து வாங்கின ஒப்புதல் படிவம்" கேப்பாங்க. உறவே குற்றமா இருக்கிற நாட்டுல அந்தக் கையெழுத்துதான் சாட்சி. வாய்மொழி ஒப்புதலுக்கு விலக்கு கேட்டு, காரணத்தை எழுதி, முன்கூட்டியே மனு போடுங்க. கமிட்டிகள்கிட்ட இதுக்கு வழி உண்டு, ஆனா கேக்காம தராது. அப்புறம் டோனர்கள் இப்ப எல்லாரும் டேட்டாவைப் பொதுவுல வைக்கணும்னு சொல்றாங்க. சின்ன ஊர்ல 40 பேர் கொடுத்த பேட்டியில பேரை எடுத்துட்டா போதும்னு நினைக்காதீங்க, வயசு, வேலை, தெரு மூணும் சேர்ந்தா அந்த ஊர்க்காரங்களுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். பொதுவுல வைக்க முடியாதது எது, சுருக்கி வைக்கலாம்கிறது எதுன்னு டேட்டா பிளான்லயே பிரிச்சு எழுதிடுங்க.

அனுமதி கிடைக்க மாசக்கணக்குல ஆகும், அந்த மாசங்களுக்கும் டைம்லைன்ல இடமும் பட்ஜெட்ல சம்பளமும் இருக்கணும். இதை மறந்துட்டு முதல் மாசமே ஃபீல்டு வொர்க்னு போட்டு, ஆறாவது மாசம் டோனருக்கு விளக்கம் எழுதிக்கிட்டு உட்கார்ந்த ஆள் நான்.

பெரிய யுனிவர்சிட்டி பார்ட்னரா வந்தா

பணக்கார நாட்டுப் பேராசிரியர் ஒருத்தர் "சேர்ந்து அப்ளை பண்ணலாம், டெட்லைன் வெள்ளிக்கிழமை, ஒரு சப்போர்ட் லெட்டர் மட்டும் கொடுங்க"ன்னு மெயில் போடுவார். லெட்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி மொத்த பட்ஜெட்டைக் காட்டச் சொல்லுங்க. அதுல உங்க பங்கு எவ்வளவு, டேட்டா எந்த நாட்டு சர்வர்ல இருக்கும், கட்டுரையில யார் பேரு எங்க வரும், உங்க ஆளுங்க கேள்வித்தாள் தயாரிக்கிறதுல உண்டா இல்ல நிரப்புறதுல மட்டும்தானா. காட்ட மாட்டேன்னா லெட்டரும் வேணாம். கடுமையா தெரியலாம், ஆனா வெள்ளிக்கிழமை டெட்லைனுக்கு புதன்கிழமை வர்றவங்களுக்கு உங்க பேருதான் தேவை, நீங்க இல்ல.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

செலவு பண்ணிட்டு பில் கொடுத்தா பணம் தர்றோம்ங்கிற ஒப்பந்தமா, முன்பணம் தர்றாங்களான்னு பாருங்க. 2025ல முதல் வகை ஒப்பந்தத்துல இருந்தவங்கதான் ரொம்ப அடிபட்டாங்க, செஞ்ச வேலைக்கே காசு வராம சம்பளப் பாக்கி நின்னுச்சு. "எந்த நேரத்திலும் டோனர் வசதிப்படி நிறுத்தலாம்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டாங்க, ஆனா நிறுத்தினா குறைஞ்சது 60 நாள் சம்பளமும், ஃபீல்டுல இருக்கிற ஆட்களைப் பத்திரமா திரும்பக் கொண்டு வர்ற செலவும் உண்டுன்னு சேர்க்கச் சொல்லிக் கேட்டா சிலர் சேர்ப்பாங்க. கடைசித் தவணை பெரும்பாலும் ஃபைனல் ரிப்போர்ட் போன பிறகுதான் வரும், அது வரைக்கும் கையில இருந்து போட முடியுமான்னு இப்பவே கணக்குப் பாருங்க.

இன்னொண்ணு, பணம் பாதியில நின்னா அது வரைக்கும் எடுத்த ஆடியோவும் போன் நம்பர்களும் யார் கைல இருக்கும், எத்தனை நாளுக்குள்ள யார் அழிப்பாங்கன்னு ஒரு வரி ஒப்பந்தத்துல வேணும். ப்ராஜெக்ட் மூடினதும் லேப்டாப்பை ஆபீஸ் அலமாரியில வச்சுட்டு எல்லாரும் வேற வேலைக்குப் போயிடுவாங்க. அந்த லேப்டாப்போட பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்னு எழுதி வச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.